கணினி கேள்வி – பதில்: யாருக்கு எவ்வளவு பங்கு?

பல கணினிகளைப் பலர் பகிர்ந்துகொள்வது தொடர்பாக வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பொறியியல் கல்லூரி மாணவி, திருநெல்வேலி: கிரிட் கணிமை, கிளவுட் கணிமை இரண்டையும் எங்கள் பாடத்திட்டத்தில் ஒரே அலகில் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே பல கணினிகளைப் பகிர்வதுதான் என்றால், பங்கு பிரிப்பதில் என்ன வேறுபாடு?

அந்தக் கணினிகள் யாருடையவை என்று முதலில் கேளுங்கள். கிரிட்டில் உரிமையாளர்கள் பலர். ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினிகளைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கும் ஒரு பங்கைத் திறந்துவிடுகிறது. கிளவுட்டில் உரிமையாளர் ஒருவரே. மற்ற அனைவரும் வாடகைக்கு இருப்பவர்கள். பங்கீட்டு விதிகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் துகள் மோதுவியிலிருந்து வரும் தரவை அந்த ஆய்வுக்கூடமே தனித்து அலசிவிட முடியாது என்பதால், 40-க்கும் மேற்பட்ட நாடுகளிலுள்ள ஏறத்தாழ 170 கணினி மையங்களை ஒரே கிரிட்டாக இணைத்திருக்கிறார்கள். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சி.எம்.எஸ். சோதனைக்கும், கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையம் ஆலிஸ் சோதனைக்கும் இதில் இரண்டாம் அடுக்கு மையங்களாக உள்ளன. அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு பிராசசர் திறன், எவ்வளவு வட்டு இடம் தருவோம் என்று மையங்கள் முன்கூட்டியே உறுதியளிக்கின்றன. எனவே முதல் பங்கீடு மென்பொருளுக்கு வருவதற்கு முன்பே, ஒப்பந்த மேசையில் முடிந்துவிடுகிறது.

அதன் பிறகுதான், எந்த வேலை எப்போது எந்தக் கணினியில் ஓடும் என்று முடிவு செய்யும் மென்பொருளான ஷெட்யூலரின் வேலை தொடங்குகிறது. பெரும்பாலான மையங்களில் 'ஃபேர்ஷேர்' முறை இருக்கிறது: அண்மையில் அதிகம் பயன்படுத்திய குழுவின் முன்னுரிமை இறங்கும், நாள் ஆக ஆக அந்தப் பழைய கணக்கு மங்கிக்கொண்டே போகும். ஸ்லர்ம் என்ற பரவலான ஷெட்யூலரில், வேறு மதிப்பு கொடுக்கப்படாவிட்டால், 7 நாட்களில் பழைய பயன்பாடு பாதியாகக் கணக்கிடப்படும். இத்துடன் 'பேக்ஃபில்' என்ற உத்தியும் உண்டு. வரிசையின் தலையில் 64 கோர் (பிராசசருக்குள் தனித்துக் கணக்கிடும் அலகு) கேட்கும் பெரிய வேலை நிற்கிறது, ஆனால் இப்போது 20 கோர்தான் காலி, மீதி இரண்டு மணி நேரம் கழித்தே கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன் என்று அறிவித்துள்ள சிறிய வேலையை ஷெட்யூலர் அந்த 20 கோர்களில் புகுத்திவிடும். பெரிய வேலையும் தாமதமாகாது. சொன்ன நேரத்தைத் தாண்டினால் வேலை நிறுத்தப்படும் என்ற அச்சத்தில் பயனர்கள் ஒரு மணி நேர வேலைக்குப் பத்து மணி நேரம் என்று எழுதிவைக்கும் வழக்கம்தான் இந்த உத்தியைப் பாழடிக்கிறது.

கிளவுட்டில் இப்படி ஒரு வரிசை வெளியில் தெரிவதில்லை. கணினித் திறன் ஒருநாள் தொலைபேசியைப் போலப் பொதுச் சேவையாகும் என்று கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி 1961-இல் சொன்னார். அமேசான் 2006 ஆகஸ்டில் இ.சி.2 சேவையைத் தொடங்கி, ஒரு சிறிய மெய்நிகர் கணினியை (உண்மையான சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினியை) மணிக்கு 10 சென்ட்டுக்கு வாடகைக்கு விட்டபோது அது நடைமுறைக்கு வந்தது. யார் முன்னால், யார் பின்னால் என்பதைக் கிரிட்டில் காத்திருப்பும், கிளவுட்டில் விலையும் தீர்மானிக்கின்றன. தேர்வில் எழுத இந்த ஒரு வாக்கியமே போதும் என்பது என் கருத்து. உங்கள் பேராசிரியர் உடன்படுவாரா என்பது வேறு விஷயம்.

பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்: எங்கள் கணக்கு மென்பொருளை 2 பிராசசர் கொண்ட வாடகை மெய்நிகர் கணினியில் வைத்திருக்கிறோம். காலையில் நன்றாக ஓடுகிறது, பிற்பகலில் ஊர்கிறது. கணினியின் பயன்பாட்டைக் காட்டும் 'டாப்' கட்டளையில் 'எஸ்.டி.' என்ற இடத்தில் 30-க்கு மேல் காட்டுகிறது. சேவை நிறுவனத்தில் கேட்டால் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஏமாற்றப்படுகிறோமா?

உங்கள் மெய்நிகர் கணினிக்குச் செய்ய வேலை இருந்தும், அடியில் இருந்து பல மெய்நிகர் கணினிகளுக்குச் சர்வரைப் பங்கிடும் மென்பொருளான ஹைப்பர்வைசர் அதற்கு உண்மையான பிராசசரைத் தராமல் காக்கவைத்த நேரத்தின் சதவீதம்தான் அந்த 'எஸ்.டி.' என்ற எண். ஆகவே உங்கள் புகார் கற்பனை அல்ல. ஆனால் ஏமாற்று என்ற முடிவுக்கு வருவதற்கு முன், எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.

எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே நேரத்தில் முழுத் திறனையும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், ஒரு சர்வரில் இருக்கும் பிராசசரைவிடக் கூடுதலாக விற்பது இத்தொழிலில் ஒளிவுமறைவான காரியம் அல்ல. விலை மலிவான திட்டங்கள் பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் சாத்தியமாகின்றன. மேலும், இன்டெல் சர்வர்களில் '2 பிராசசர்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஒரே கோரைப் பகிர்ந்துகொண்டு ஓடும் இரண்டு இழைகள்தாம்.

இரண்டாவது சாத்தியம் கிரெடிட். அமேசானின் டி3 மைக்ரோ வகையை எடுத்துக்கொள்வோம். ஒரு பிராசசரை ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுவதற்கு ஒரு கிரெடிட் செலவாகும். இந்த வகைக் கணினிக்கு மணிக்கு 12 கிரெடிட் வரவு. சேர்த்துவைக்கக்கூடிய உச்சம் 288. இரவெல்லாம் சும்மா இருந்து கிரெடிட் நிரம்பிய கணினியில் காலையில் இரண்டு பிராசசர்களும் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 120 செலவு, 12 வரவு. அதாவது 2 மணி 40 நிமிடத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு பிராசசரும் 10 சதவீத வேகத்துக்கு இறக்கப்படும், அந்தக் கட்டுப்பாடும் 'எஸ்.டி.' என்ற அதே இடத்தில்தான் தெரியும். ('அன்லிமிடெட்' முறையில் இருந்தால் வேகம் குறையாது, அதற்குப் பதிலாக மாதக் கடைசியில் பில் ஏறும்.) காலையில் நன்றாக ஓடி, பிற்பகலில் ஊர்கிறது என்று நீங்கள் சொல்வது இந்த வர்ணனைக்கு வெகுவாகப் பொருந்துகிறது.

சேவை நிறுவனத்தின் பக்கத்தில் கிரெடிட் இருப்பைக் காட்டும் வரைபடம் இருந்தால் அதைப் பாருங்கள். பிற்பகலில் அது பூஜ்யத்தைத் தொட்டால், உங்கள் தேவைக்குத் திட்டம் சிறியது என்று பொருள். இருப்பு நிறைய இருந்தும் 'எஸ்.டி.' உயர்ந்தால், அதே சர்வரில் குடியிருக்கும் வேறொருவர் அதிகம் இழுக்கிறார். அப்போது கணினியை ரீபூட் செய்தால் பயனில்லை. முழுவதும் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் பல சேவைகளில் அது வேறொரு சர்வரில் போய் அமரும். அப்படிச் செய்யும்போது ஐ.பி. முகவரி மாறக்கூடும் என்பதால், அலுவலக நேரத்தில் முயல வேண்டாம். இதற்கும் சரியாகவில்லை என்றால், கோரைத் தனியாக ஒதுக்கித் தரும் திட்டத்துக்கு மாறுவதே வழி.

மென்பொருள் பொறியாளர், சென்னை: பல சர்வர்களில் நிரல்களைப் பிரித்து ஓட்டும் எங்கள் குபர்னெட்டிஸ் அமைப்பில் ஒரு சேவை நினைவக வரம்பைத் தொட்டதும் 137 என்ற எண்ணுடன் கொல்லப்படுகிறது, பிராசசர் வரம்பைத் தொட்டால் மந்தமாவதோடு சரி. தவிர, சர்வர்கள் பாதிக்கு மேல் சும்மா இருக்கும்போதே புதிய கண்டெய்னருக்கு (தனிப் பொதியாக ஓடும் நிரலுக்கு) இடமில்லை என்கிறது. ஏன்?

பிராசசர் நேரத்தைத் தள்ளிப்போட்டுக் கொடுக்கலாம். நினைவகத்தை அப்படிக் கொடுக்க முடியாது. இரண்டையும் அமல்படுத்துவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலில் உள்ள சி-குரூப் வசதி. கூகுள் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கி, 2008-இல் கர்னலில் சேர்ந்த ஏற்பாடு அது. பிராசசர் வரம்பை அது 100 மில்லிசெகண்ட் சாளரங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. வரம்பு அரைப் பிராசசர் என்றால், ஒவ்வொரு சாளரத்திலும் 50 மில்லிசெகண்ட் உங்களுடையது. உங்கள் நிரல் நான்கு இழைகளில் ஒரே சமயத்தில் ஓடினால் அந்த 50-ஐ 12.5 மில்லிசெகண்டில் தின்றுவிட்டு, மீதி 87.5 மில்லிசெகண்டும் கைகட்டி நிற்கும். சராசரிப் பயன்பாடு குறைவாகக் காட்டும்போதே பயனருக்குப் பதில் தாமதமாகப் போவதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான். நினைவகத்தில் இப்படி இடைநிலை இல்லை. கேட்டதைக் கொடுக்க முடியாதபோது கர்னல் கொல்கிறது. 128-உடன் கொல்லும் சமிக்ஞையின் எண்ணான 9 சேர்ந்ததுதான் நீங்கள் கண்ட 137.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஷெட்யூலர் இடம் பார்ப்பது உண்மையான பயன்பாட்டை வைத்து அல்ல, ஒவ்வொரு குழுவும் 'ரிக்வெஸ்ட்' என்று எழுதிவைத்த எண்ணை வைத்து. எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கு இரண்டு மடங்கு எழுதினால், ஏட்டில் நிரம்பிய சர்வர் நிஜத்தில் சும்மா கிடக்கும். கூகுளின் உள்ளமைப்பான போர்க், கேட்டுவிட்டுப் பயன்படுத்தாத பங்கை மதிப்பிட்டுத் திரும்ப எடுத்து, அவசரமில்லாத வேலைகளுக்குக் கொடுக்கிறது. அங்கு ஏறத்தாழ 20 சதவீத வேலைகள் இப்படி மீட்ட இடத்தில்தான் ஓடின என்று 2015-இல் அவர்களே எழுதினார்கள். அத்தகைய வசதி இல்லாத இடத்தில், பயன்பாட்டு அளவீட்டைப் பார்த்து ரிக்வெஸ்ட்டைக் குறைப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. நினைவகத்துக்கு ரிக்வெஸ்ட்டும் வரம்பும் ஒன்றாக இருக்கட்டும். பதில் வேகம் முக்கியமான சேவைகளுக்குப் பிராசசர் வரம்பே வேண்டாம் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியிலும் விவரமானவர்கள் இருக்கிறார்கள்.

கணினி அறிவியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்: ஒருவருக்கு நினைவகம் அதிகம் வேண்டும், மற்றவருக்குப் பிராசசர் அதிகம் வேண்டும் என்றால், சமமாகப் பிரிப்பது என்பதற்கு என்ன பொருள்?

அருமையான கேள்வி. ஆளுக்குப் பாதி என்பது இங்கே வீண். இதற்கு 2011-இல் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் அலி கோட்ஸியும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த விடை இன்றும் வகுப்பறைக்கு ஏற்றது. அவர்களுடைய கணக்கையே தருகிறேன். மொத்தம் 9 பிராசசர், 18 ஜிபி நினைவகம் இருக்கின்றன. முதலாமவரின் ஒவ்வொரு பணிக்கும் 1 பிராசசரும் 4 ஜிபியும் வேண்டும். இரண்டாமவரின் ஒவ்வொரு பணிக்கும் 3 பிராசசரும் 1 ஜிபியும் வேண்டும்.

முதலாமவரின் ஒரு பணி மொத்தப் பிராசசரில் 1/9 பங்கையும் மொத்த நினைவகத்தில் 2/9 பங்கையும் எடுக்கிறது. ஆகவே அவருடைய மேலோங்கிய வளம் நினைவகம். அதே கணக்கில் இரண்டாமவருக்கு மேலோங்கியது பிராசசர். இந்த மேலோங்கிய பங்குகளைச் சமமாக்குவதே நியாயம் என்கிறது இம்முறை. முதலாமவருக்கு 3 பணிகள், இரண்டாமவருக்கு 2 பணிகள் கொடுத்தால், அவர் நினைவகத்தில் 12 ஜிபியும் இவர் பிராசசரில் 6-உம் பெறுகிறார்கள். இருவருக்கும் தத்தம் வளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எல்லாவற்றையும் பாதியாக வெட்டியிருந்தால் முறையே 2 பணியும் 1 பணியும்தான் ஓடியிருக்கும். மாணவர்களைக் கரும்பலகையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னை அதிகம் கவர்ந்தது இதன் இன்னொரு குணம்: தேவையை மிகைப்படுத்திப் பொய் சொல்பவருக்கு இம்முறையில் ஆதாயம் கிடைக்காது என்று நிறுவியிருக்கிறார்கள். மேலே சென்னை வாசகரின் சிக்கலோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும்.

ஆராய்ச்சி மாணவர், கோவை: 'ஸ்பாட்' கணினிகளை மிக மலிவாகத் தருகிறார்களே, என் ஆய்வுக் கணக்கீடுகளுக்கு நம்பி எடுக்கலாமா?

விலை மலிவாக இருப்பதற்குக் காரணம், அவை சேவை நிறுவனத்திடம் அந்த நேரத்தில் விற்காமல் மிஞ்சியிருக்கும் கணினிகள். முழு விலை கொடுப்பவர் வந்துவிட்டால் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். அமேசான் 2 நிமிட முன்னறிவிப்பு தருகிறது. கூகுள், அஷூர் ஆகியவற்றில் அது வெறும் 30 செகண்ட். உங்கள் நிரல் அவ்வப்போது தன் நிலையை வட்டில் எழுதிவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும் வகையில் இருந்தால் தாராளமாக எடுங்கள். மூன்று நாள் ஓடி, கடைசியில் ஒரே ஒரு கோப்பை எழுதும் நிரலென்றால் எடுக்காதீர்கள்.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்: வீட்டில் பெரும்பாலும் சும்மா இருக்கும் கணினியை அறிவியல் ஆய்வுக்குக் கொடுக்க முடியும் என்கிறார்களே?

முடியும். இதில் புகழ்பெற்ற, வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞையைத் தேடிய செட்டி@ஹோம் திட்டம் 1999-இல் தொடங்கி, 2020 மார்ச்சில் புதிய பணிகள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் அதற்கு அடித்தளமாக இருந்த பாயின்க் மென்பொருளில் ஐன்ஸ்டைன்@ஹோம் போன்ற பிற திட்டங்கள் இருக்கின்றன. முகம் தெரியாதவரின் கணினி தரும் விடையை அப்படியே நம்ப முடியாது என்பதால், பல திட்டங்கள் ஒரே பணியை இருவருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. உங்கள் பக்கத்தில் கவனிக்க வேண்டியது மின்கட்டணம். முழு வேகத்தில் உழைக்கும் கணினி, சும்மா இருக்கும் கணினியைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். பிராசசரில் எத்தனை சதவீதம் தரலாம், எந்த மணி நேரங்களில் தரலாம் என்று வரையறுக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. 25 சதவீதத்தில் தொடங்கி, ஒரு பில் வந்தபின் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யுங்கள்.