பொங்கலுக்குள் ஓய்ந்துபோகும் அலாரம்

கே: ஒவ்வொரு ஜனவரியும் காலை 5 மணிக்கு எழுவதாக முடிவெடுக்கிறேன். பொங்கலுக்குள் பழையபடி 7 மணி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

ப: ஒரேயடியாக 2 மணி நேரத்தைக் குறைத்தால் உடம்பு மல்லுக்கு நிற்கத்தான் செய்யும். முதலில் 6 மணி போதும். அலாரத்தை 4 நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே தள்ளுங்கள். 16 நாளில் 6-க்கு வந்துவிடலாம். படுக்கும் நேரத்தையும் அதே அளவு முன்னுக்குக் கொண்டுவராவிட்டால் பகலெல்லாம் கொட்டாவிதான். காபியை மாலை 4-க்குள் முடித்துவிடுங்கள்: குடித்த காஃபினில் பாதி கரையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். செல்போன் அடுத்த அறையில் தூங்கட்டும். விடிந்ததும் மொட்டைமாடியில் 10 நிமிடம் வெளிச்சம் படட்டும்; ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிப்பதே 6.30-ஐ ஒட்டித்தான். பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது ஞாயிறு. அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்காதீர்கள்.