எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் பேப்பர்: மாணவர்களின் கேள்விகள்

மோட்டாரின் ஸ்லிப் (காந்தப்புலத்தைவிட ரோட்டார் பின்தங்கும் அளவு) சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். 'ஸ்லிப் ஏன் வருகிறது?' என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் பதில் வரவில்லை.
– மூன்றாம் ஆண்டு மாணவி, கோவை

சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, லேபில் உள்ள இண்டக்‌ஷன் மோட்டாரின் நேம் பிளேட்டைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்.பி.எம். என்று இருந்தால், அது நான்கு போல் (காந்தத் துருவம்) மோட்டார். அசையாத பகுதியான ஸ்டேட்டரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. சுழலும் பகுதியான அணில்கூண்டு ரோட்டாருக்கோ வெளியிலிருந்து ஒரு ஒயர்கூடப் போவதில்லை. புலம் ரோட்டார் கம்பிகளைக் கடந்து போனால்தான் அங்கே வோல்டேஜ் தூண்டப்படும், கரன்ட் ஓடும், டார்க் (முறுக்குவிசை) கிடைக்கும். ரோட்டாரும் 1500-ஐத் தொட்டுவிட்டால் புலம் எதைக் கடக்கும்? டார்க் போய்விடும், வேகம் இறங்கிவிடும். அதனால்தான் 60 சுற்று பின்தங்கி ஓடுகிறது. அதுதான் 4 சதவீத ஸ்லிப்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். ரோட்டாருக்குள் நுழையும் பவரிலும் அதே 4 சதவீதம்தான் கம்பிகளில் சூடாகிப் போகிறது. ஸ்லிப் 40 சதவீதமானால் இழப்பும் 40 சதவீதம். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. வேகத்தைக் குறைக்க ஸ்லிப்பைக் கூட்டாமல் சப்ளையின் அதிர்வெண்ணையே மாற்றுவது ஏன் என்பதும் இதிலிருந்தே புரியும்.

வி.எஃப்.டி.யில் (அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அதிர்வெண்ணோடு வோல்டேஜையும் ஏன் குறைக்கிறார்கள்?

மோட்டாரின் இரும்புக் கோரில் உள்ள ஃப்ளக்ஸ் (காந்தப் பாயம்) ஏறக்குறைய வோல்டேஜ்/அதிர்வெண் விகிதத்தைப் பொறுத்தது. 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றால் 8.3. 25 ஹெர்ட்ஸிலும் 415 வோல்ட்டே கொடுத்தால் ஃப்ளக்ஸ் இரட்டிப்பாக வேண்டும். இரும்பு அதற்கு முன்பே சாச்சுரேட் ஆகி (மேலும் காந்தமாக முடியாத நிலையை எட்டி), காந்தமாக்கும் கரன்ட் எகிறிவிடும். எனவே சுமார் 207 வோல்ட் போதும். மிகக் குறைந்த வேகத்தில் மட்டும் ஸ்டேட்டர் ரெசிஸ்டன்ஸே வோல்டேஜில் பெரும்பங்கைத் தின்றுவிடுவதால் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள்.

டிரான்ஸ்ஃபார்மரில் ஓ.சி. (ஓப்பன் சர்க்யூட்) டெஸ்ட்டை எல்.வி. (குறைந்த வோல்டேஜ்) பக்கமும் எஸ்.சி. (ஷார்ட் சர்க்யூட்) டெஸ்ட்டை எச்.வி. (உயர் வோல்டேஜ்) பக்கமும் செய்வது ஏன்?

வசதிதான் காரணம். முதலாவதற்கு முழு வோல்டேஜ் வேண்டும், அது எல்.வி.யில் குறைவு. இரண்டாவதற்கு முழு கரன்ட் வேண்டும், அது எச்.வி.யில் குறைவு. ஒன்றை மறக்க வேண்டாம்: ஓ.சி. டெஸ்ட்டில் திறந்து கிடக்கும் எச்.வி. முனைகளில் முழு வோல்டேஜும் இருக்கும். கை படவே கூடாது.

டிசி மெஷின் இன்னும் எதற்கு சார்?

நம் ரயில்வேயின் டபிள்யூ.ஏ.பி.-4 எஞ்சின் ஓடியது டிசி சீரீஸ் மோட்டாரில், டபிள்யூ.ஏ.பி.-7 ஓடுவது மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரில். அந்த மாற்றம் புரிய வேண்டுமானால் முதலாவதைத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், லேபில் சீரீஸ் மோட்டாரை லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி ஆர்மேச்சர் (சுழலும் பகுதி) சிதறிவிடும்.