முப்பது வருடப் பரீட்சை

அன்புள்ள ஐயா,

வங்கியில் முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். இன்னமும் கணக்குப் பரீட்சைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுவதாகக் கனவு வருகிறது. ஹால் டிக்கெட்டையும் காணோம்! கனவுகள் நமக்கு ஏதாவது சொல்ல வருகின்றனவா, இல்லை வெறும் மூளைக் குப்பையா?

எஸ்.எம்., திருச்சி

அன்புள்ள எஸ்.எம்.,

இந்தக் கனவில் உங்களுக்குப் பங்காளிகள் ஏராளம்.

குப்பை என்கிறீர்கள். விஞ்ஞானிகள் பிரான்சிஸ் கிரிக்கும் கிரேம் மிட்சிசனும் 1983-இல் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள்: மூளை வேண்டாததைக் கழிக்கும் வேலையே கனவுத் தூக்கம். ஃபின்லாந்து ஆய்வாளர் ஆன்டி ரெவன்சுவோ, வரப்போகும் ஆபத்துக்குக் கனவு ஒத்திகை என்றார். உங்கள் கனவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் முப்பது வருட ஒத்திகையில் ஒருநாளாவது நேரத்துக்கு ஹாலுக்குள் போயிருக்க வேண்டாமா?

எனக்குப் பிடித்தது 2000-இல் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் ஹார்வர்டில் செய்த ஆய்வு. மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்குகிற டெட்ரிஸ் விளையாட்டை 27 பேரை மூன்று நாள் ஆடவைத்தார்கள். கண் அயரும் நேரத்தில் என்ன தெரிந்தது என்று கேட்டால், பாதிக்கு மேற்பட்டவர்கள் கட்டங்கள் விழுந்தன என்றார்கள். (முழுக் கனவல்ல, அதன் வாசற்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அந்த 27 பேரில் ஐந்து பேர் மூளைச் சேதத்தால் புது நினைவு தங்காதவர்கள். ஆடியதே அவர்களுக்கு ஞாபகமில்லை. அந்த ஐவரில் மூவருக்கும் கட்டங்கள் விழுந்தன! எங்கே பார்த்தோம் என்று சொல்லத்தான் தெரியவில்லை. ஏற்கெனவே ஆடிப் பழகியவர்களில் சிலருக்கோ, முன்பு எப்போதோ ஆடிய வேறு வடிவ டெட்ரிஸ் வந்தது.

அதாவது, நமக்குத் தெரியாமலே மூளை இன்றைய அனுபவத்தைப் பழைய நினைவுகளோடு சேர்த்து வைக்கிறது. அந்த வேலையின்போது கண்ணில் படுவதே கனவு என்பது என் எண்ணம். கனவு நம்மிடம் ஏதோ சொல்ல வருகிறது என்பதை நான் நம்புவதில்லை. கனவுகள் அதிகம் வருகிற, கண்கள் வேகமாக அசையும் தூக்கத்தில், நினைவு பதிய உதவும் நோரெபினெஃப்ரின் என்ற ரசாயனம் மூளையில் மிகவும் குறைந்துவிடுகிறது. பல் துலக்குவதற்குள் பாதிக் கனவு மறந்துபோக அதுவும் ஒரு காரணமாம். சொல்லவேண்டிய சேதியென்றால் இப்படியா அனுப்புவார்கள்?

உங்கள் கணக்குப் பரீட்சையும் அந்தப் பழைய டெட்ரிஸ் மாதிரிதான் என்று ஊகிக்கிறேன். ஆடிட் நடக்கும் நாட்களில் அதிகம் வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.