மேசை சின்னதென்று அங்குலத்தைச் சுருக்கலாமா?

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "5 அடிக்கு 3 அடி சாப்பாட்டு மேசையில் நானும் நண்பனும் பழைய வோர்ஹாமர் (பொம்மைப் படைகளை வைத்து ஆடும் மேசைப் போர் விளையாட்டு), ஆறாம் பதிப்பு விளையாடுகிறோம். இடம் காணாததால் அங்குலம் என்று வரும் இடமெல்லாம் சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டோம். இப்போது படைப்பிரிவுகள் திரும்பவே மாட்டேன் என்கின்றன. விதி பிழையா, நாங்கள் பிழையா?"

விதி சரிதான். நீங்கள் தூரத்தைச் சுருக்கினீர்கள், பொம்மைகளின் அடித்தட்டைச் சுருக்கவில்லை. சிக்கல் அங்கேதான்.

2000இல் வந்த அந்தப் பதிப்பில், படைப்பிரிவு வளைந்து திரும்பும்போது உள்மூலை அச்சாக நிற்கும். வெளிமூலையில் நிற்கும் சிப்பாய் நடக்கிற தூரம்தான் முழுப் பிரிவுக்கும் கணக்கு. மனிதக் காலாளின் அடித்தட்டு 20 மில்லிமீற்றர் சதுரம். ஐந்து பேர் நின்றால் முன்வரிசை 10 சென்ரிமீற்றர், அதாவது கிட்டத்தட்ட 4 அங்குலம். 90 பாகை திரும்ப வெளிமூலை ஏறக்குறைய ஆறேகால் அங்குலம் போகவேண்டும். ஒரு முறைக்கு மனிதரின் நகர்வு 4 அங்குலம், விரைநடை 8. ஆக, விரைநடையில் முழுதாகத் திரும்பி, ஒன்றரை அங்குலத்துக்கு மேல் முன்னேயும் போகலாம். உங்கள் கணக்கில் அதே திருப்பத்துக்கு 15.7 சென்ரிமீற்றர் வேண்டும், கையில் இருப்பதோ 8. எதிரி கிட்ட நின்று விரைநடையும் இல்லாமல் போனால் வெறும் 4. அதற்கு 23 பாகைதான் கிடைக்கும். பின்னேர நெரிசலில் கொழும்புக் காலி வீதியில் பஸ்ஸைத் திருப்புகிற கதை!

ஆகவே அங்குலத்துக்கே திரும்புங்கள், படைகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறையுங்கள். வழமையான 4 அடி ஆழ மேசையில் படைகளை நிறுத்த இருபக்கமும் 12 அங்குலம் போக நடுவில் 24 இருக்கும். உங்கள் 3 அடியில் ஆளுக்கு 9 அங்குலம் எடுத்தால் நடுவில் 18 மிஞ்சும். சாதாரணக் குதிரையின் பாய்ச்சல், அதாவது எதிரியைத் தாக்க ஓடும் நகர்வு, 16 அங்குலம் என்பதால் முதல் முறையிலேயே வந்து மோத முடியாது. பறக்கிறவை 20 போகும், அவற்றை மட்டும் இருவரும் பேசி ஒதுக்கிவிடுங்கள். ஆட்களையும் குறைக்கத்தான் வேண்டும். அந்த மேசையில் ஆளுக்கு மூன்று நாலு பிரிவு தாராளம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. திரும்பும் தூரத்தை அடிமட்டம் வைத்து மூலைக்கு மூலை நேராக அளக்கிற பழக்கம் பலரிடம் உண்டு. 90 பாகைக்கு அப்படி அளந்தால் ஐந்தரை அங்குலம்தான் வரும், அரை அங்குலத்துக்கு மேல் சும்மா கிடைக்கிற இலாபம். தையல் நாடாவை வெளிமூலை போகும் பாதையிலேயே வளைத்துப் பிடியுங்கள்.

இந்தப் பதிப்பில் பாய்ச்சலை அறிவித்த பிறகுதான் தூரத்தை அளக்கலாம். எட்டாவிட்டால் சாதாரண நகர்வு மட்டும் போய், எதிரிக்கு முன்னால் விழித்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். முதலிலேயே அளக்கும் சலுகை 2010இன் எட்டாம் பதிப்போடு வந்தது. சின்ன மேசையில் கண்மதிப்பு இலகு என்பதால், கட்டங்களை எண்ணியும் தூரம் பார்க்காதபடி, கட்டம் போட்ட மேசைவிரிப்பு இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.