கிரேக்கச் சிக்கன் சாலட்: எதற்குக் காசு போடலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்?

கேள்வி (கோவை வாசகி): அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடாகக் கிரேக்க பாணியில் சிக்கன் சாலட் கொண்டுபோக ஆசை. ஃபெட்டா சீஸ், கிரீக் யோகர்ட், ஆலிவ், ஆரிகனோ, பாட்டிலில் வரும் கிரீக் டிரெஸ்ஸிங் என்று பட்டியல் போட்டால் பில் எகிறுகிறது. எதை வாங்க வேண்டும், எதை விடலாம்?

பதில்: டிரெஸ்ஸிங் பாட்டிலை முதலில் வெளியே எடுத்து வையுங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதிலிருந்து தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது நம் ஊர் லேபிள் விதி. பாட்டிலின் பின்பக்கத்தில் தண்ணீரும் சோயா எண்ணெயும் சர்க்கரையும் முன்னால் நின்று, ஆலிவ் எண்ணெய் எங்கோ வால் பகுதியில் இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது முன்பக்கத்து ஆலிவ் படத்துக்குத்தான். மூன்று கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு ஒரு பல், ஆரிகனோ, மிளகு, உப்பு. மூடி போட்ட பாட்டிலில் குலுக்கினால் டிரெஸ்ஸிங் தயார்.

கிரீக் யோகர்ட்டும் வேண்டாம். தண்ணீர் வடித்த தயிர்தான் அது. வீட்டுத் தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் ஒரு வடிகட்டியில் மூன்று, நான்கு மணி நேரம் வைத்தால் போதும். சிக்கனை அதிலேயே ஊறவைக்கலாம். கடையில் விற்கும் பழச்சுவைக் கோப்பைகளில் சர்க்கரை இருக்கும், சாலட்டுக்கு ஆகவே ஆகாது.

காசு போட வேண்டியது ஃபெட்டாவுக்கு. கிரேக்கத்தில் 'ஹோரியாட்டிகி' என்னும் கிராமத்துச் சாலட்டில் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், குடைமிளகாய், ஆலிவ், அதன்மேல் ஃபெட்டா. அவ்வளவுதான். லெட்யூஸும் கிடையாது, கோழியும் கிடையாது. கோழி நாம் சேர்ப்பது. அதனால் காய்கறி விஷயத்தில் கறாராக இருக்கத் தேவையில்லை. ஆனால் ஃபெட்டாவின் உப்பும் புளிப்பும் இல்லாவிட்டால் அது கிரேக்கச் சாலட் இல்லை, வெறும் வெள்ளரிக்காய் சாலட்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஃபெட்டா என்ற பெயரைக் கிரேக்கத்துக்கே உரியதாகப் பதிவு செய்தது. டென்மார்க்கும் ஜெர்மனியும் எதிர்த்து வழக்குப் போட்டு 2005இல் தோற்றன. அந்த விதிப்படி ஃபெட்டா செம்மறியாட்டுப் பாலில் செய்ய வேண்டும், வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேரலாம், குறைந்தது இரண்டு மாதம் பக்குவப்பட வேண்டும். பசும்பாலுக்கு இடமே இல்லை. நம் கடைகளிலோ பசும்பாலில் செய்ததும் ஃபெட்டா என்ற பெயரில் கிடைக்கிறது. அது மோசம் என்று சொல்லவில்லை, தினசரிச் சாப்பாட்டுக்கு அதுவே போதும். ஆனால் இறக்குமதிச் சரக்கின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். பின்பக்கத்தில் என்ன பால் என்று பாருங்கள்.

ஒரு ஆளுக்கு 30 கிராம் தாராளம். 200 கிராம் கட்டி ஆறு மதியச் சாப்பாட்டுக்கு வரும். பிரித்த பிறகு உப்புத் தண்ணீரில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், காயாது. பனீரை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஃபெட்டா ஆகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். உப்பு ஏறும், புளிப்பு வராது.

அப்புறம் சிக்கன். எலும்பில்லாத நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்று யார் சொன்னது? தொடைக்கறி வாங்கினால் ஆறிய பிறகும் வறளாது. நெஞ்சுக்கறியே வேண்டுமென்றால் வெந்த பின் எடை ஏறக்குறைய கால் பங்கு குறையும் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். உறைந்த பாக்கெட்டில் தண்ணீரும் உப்பும் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்கவும். சிக்கன் விலைக்குத் தண்ணீர் வாங்குவானேன்? வெந்ததும் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் ஐஸ் ஜெல் பையோடு டப்பாவில் எடுத்துப் போங்கள். நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த சிக்கனைச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி (மதுரை வாசகர்): ஆலிவ் எண்ணெயில் எக்ஸ்ட்ரா வர்ஜின், லைட், போமஸ் என்று மூன்று இருக்கின்றன. விலை வித்தியாசம் பயங்கரம். லைட் வாங்கினால் கொழுப்புக் குறையுமா?

பதில்: குறையாது. லைட் என்பது வாசனையும் நிறமும் குறைந்தது என்று மட்டுமே பொருள்படும். கலோரி அதேதான். போமஸ் என்பது பிழிந்து முடித்த சக்கையிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரிப்பது. வதக்க, பொரிக்கச் சரி. சாலட்டில் எண்ணெய் பச்சையாகவே போவதால் அங்கே எக்ஸ்ட்ரா வர்ஜின்தான். அதில் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருநிறப் பாட்டில், சின்ன அளவு, அறுவடைத் தேதி போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஐந்து லிட்டர் டின் மலிவு என்று வாங்கி ஒரு வருடம் அடுப்புப் பக்கத்தில் வைத்தால் கடைசியில் சிக்கு வாடைதான் மிஞ்சும்.

கேள்வி (திருச்சி வாசகி): டின்னில் வரும் கறுப்பு ஆலிவ் மலிவாக இருக்கிறதே, அதைப் போடலாமா?

பதில்: போடலாம், சுவை எதிர்பார்க்காதீர்கள். ஒரே சீராகக் கன்னங்கரேலென்று இருப்பவை பெரும்பாலும் பச்சைக் காய்களைக் காரக் கரைசலில் (அல்கலி) ஊறவைத்துக் காற்றேற்றிக் கறுப்பாக்கியவை. நிறம் நிற்க ஃபெரஸ் குளுக்கோனேட் என்னும் இரும்பு உப்பைச் சேர்ப்பார்கள், லேபிளில் அந்தப் பெயர் இருக்கும். உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. சுவை வேண்டுமென்றால் கலமாட்டா என்னும் கிரேக்க ஆலிவ் வாங்குங்கள். அது கத்தரிக்காய் நிறத்தில், முனை கூராக இருக்கும். சின்ன பாட்டில் ஒன்று போதும், ஒரு சாலட்டுக்கு ஐந்தாறு காய்தான்.

கேள்வி (லண்டன் வாசகர்): இங்கே சில தயிர் டப்பாக்களில் 'கிரீக்' என்றும் சிலவற்றில் 'கிரீக் ஸ்டைல்' என்றும் இருக்கிறது. ஏன்?

பதில்: கிரேக்கத்தின் ஃபாயே நிறுவனம் அமெரிக்காவின் சோபானி மீது போட்ட வழக்கில், கிரேக்கத்தில் செய்யாததை பிரிட்டனில் 'கிரீக் யோகர்ட்' என்று விற்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 'ஸ்டைல்' வகையில் வடிக்காமல் கெட்டிப்படுத்தியதும் இருக்கும். பாலும் தயிர்க் கிருமியும் மட்டும் எழுதியிருக்கும் டப்பாவை எடுங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): ஒரு ஆப்பில் ஃபெட்டா போட்ட கிரீக் சிக்கன் சாலட் ஆர்டர் செய்தேன். வந்தது பனீர். கேட்டால் 'இரண்டும் சீஸ்தானே' என்கிறார்கள். விட்டுவிடுவதா?

பதில்: விட வேண்டாம். மெனுவில் ஃபெட்டா என்று இருந்ததை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், வந்த டப்பாவையும் பில்லையும் படம் பிடியுங்கள், ஆப்பின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பாதிக்கு மேல் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்டால் மட்டும் வாதம் கொஞ்சம் பலவீனமாகிவிடும்.