நார்வே அரசர் ஸ்வெர்ரே உண்மையிலேயே அரச குருதியில் பிறந்தவர்தானா?

ஃபரோ தீவுகளில் வளர்ந்த ஒரு பாதிரியார், தாம் இறந்துபோன அரசர் ஒருவரின் மகன் என்று சொல்லிக்கொண்டு வந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டு நார்வேயின் அரியணையைப் பிடித்தாரே, அவர் சொன்னது உண்மையா, அதை மக்கள் எப்படி நம்பினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் வரலாறு இது. அவர் சொன்னது உண்மையாக இருக்க வாய்ப்பு குறைவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தக் காலத்து நார்வேயில் "அரசரின் மகன்" என்பதை எதைக் கொண்டு மெய்ப்பித்தார்கள் என்று பார்த்தால்தான் இந்த வழக்கு விளங்கும்.

அந்நாட்டு மரபில் அரசரின் மகன்கள் எல்லோருக்கும் ஆட்சியில் உரிமை இருந்தது. தாய் முறைப்படி மணந்த மனைவியா என்று எவரும் கேட்பதில்லை. ஒரே காலத்தில் இருவர் மூவர் அரசர்களாக இருப்பதும் வழக்கம். இப்படிப்பட்ட முறையில், அரசர் இறந்து பல ஆண்டுகள் கழித்து எங்கிருந்தோ ஒருவர் வந்து "நானும் அவர் மகன்தான்" என்று நிற்பதைத் தடுக்க வழியே இல்லை. 1120களில் அயர்லாந்திலிருந்து வந்த ஹரால்த் கில்லே, தாம் வெறுங்கால் மாக்னுஸ் அரசரின் மகன் என்றார். பழுக்கக் காய்ச்சிய ஒன்பது ஏர்க்கொழுக்களின் மேல் நடந்து அதை மெய்ப்பித்ததாக ஏற்றுக்கொண்டார்கள். அப்போது ஆண்டுகொண்டிருந்த சிகுர்த், தாமும் தம் மகனும் உயிரோடிருக்கும் வரை ஆட்சியைக் கேட்பதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கினார். 1130இல் சிகுர்த் இறந்ததும் அந்தச் சத்தியம் காற்றில் போயிற்று. ஹரால்த் 1135இல் சிகுர்தின் மகனைப் பிடித்துக் கண்களைக் குருடாக்கினார். அடுத்த ஆண்டே, தாமும் வெறுங்கால் மாக்னுஸின் மகன் என்று சொல்லிக்கொண்டு வந்த இன்னொருவரின் கையில் மாண்டார். 1240 வரை விட்டுவிட்டு நீண்ட உள்நாட்டுப் போர்கள் தொடங்கியது இப்படித்தான்.

ஸ்வெர்ரே தம் தந்தை என்று சொன்ன அரசர் சிகுர்த் முன் ("முன்" என்பது அவருடைய பட்டப்பெயர்; மேலே சொன்ன சிகுர்த் வேறு), இந்த ஹரால்த் கில்லேயின் மகன். ஆகவே ஸ்வெர்ரே சொன்னதை முழுமையாக நம்பினாலும், அந்தக் குருதித் தொடர் இறுதியில் போய் நிற்பது காய்ச்சிய கொழுக்களின் மேல்தான்.

ஸ்வெர்ரேயை எதிர்த்து நின்ற அரசர் மாக்னுஸ் எர்லிங்சனின் நிலை நேர்மாறானது. அவருடைய தந்தை எர்லிங் ஸ்காக்கே அரச குலத்தவர் அல்லர். தாய் கிறிஸ்தீன், 1130இல் இறந்த சிகுர்த் அரசருக்கு முறைப்படி பிறந்த மகள். பழைய மரபின்படி தாய்வழி உரிமை செல்லாது. அந்தக் குறையைத் திருச்சபை நிரப்பியது. நார்வேயின் முதல் முடிசூட்டு விழாவில் பேராயர் ஐஸ்டைன் அந்தச் சிறுவனுக்கு முடிசூட்டினார்; முறைப்படி பிறந்த மூத்த மகனுக்கே அரியணை என்றும், அவன் தகுதியற்றவனா என்பதை ஆயர்கள் ஆராயலாம் என்றும் 1163இல் ஒரு சட்டம் எழுதப்பட்டது. ஒரு பக்கம் தந்தையின் குருதி, மறுபக்கம் திருமணமும் முடிசூட்டும். இரு தரப்பாரும் "உரிமை" என்ற ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் சொன்னார்கள் என்பதை மறந்தால் இந்தப் போர்களை வெறும் பதவிச் சண்டையாகவே பார்ப்போம்.

இனி ஸ்வெர்ரேயின் பிறப்புக்கு வருகிறேன். ஊனாஸ் என்ற சீப்புத் தொழிலாளியின் மகனாகவே வளர்ந்த அவர், ஃபரோ தீவுகளின் ஆயராக இருந்த ஊனாஸின் சகோதரரிடம் கல்வி கற்றுக் குருப்பட்டம் பெற்றார். உண்மைத் தந்தை யார் என்பதைத் தாய் குன்ஹில்த் ரோமில் பாவமன்னிப்புக் கேட்ட பிறகே மகனிடம் சொன்னார் என்கிறது அவருடைய வரலாற்று நூலான ஸ்வெர்ரே சாகா. ஐஸ்லாந்து மடாதிபதி கார்ல் யோன்சன் அந்நூலை எழுதத் தொடங்கியபோது, என்ன எழுத வேண்டும் என்று அரசரே அருகிலிருந்து சொன்னதாக நூலின் முன்னுரை கூறுகிறது. ஆகவே இந்தச் சான்று வழக்காடியவரின் சொந்த வாக்குமூலம்தான். வயதுக் கணக்கும் அவருக்கு எதிராக நிற்கிறது. திருச்சபை விதிப்படி குருவாக முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும். 1176இல் தீவை விட்டுப் புறப்பட்டபோதே அவர் குரு. அப்படியானால் 1146க்குள் பிறந்திருக்க வேண்டும். தந்தை என்று அவர் சொன்ன சிகுர்த் பிறந்ததோ 1133இல்; 1146இல் அவருக்கே பதின்மூன்று வயதுதான். தொலைதூரத் தீவில் அந்த விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றியிருக்க மாட்டார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

என்னை அதிகம் உலுக்கியது வேறோர் இடம். எய்ரிக் என்பவர் தாமும் சிகுர்த் முன்னின் மகன் என்று சொல்லி, காய்ச்சிய இரும்பை ஏந்தி மெய்ப்பிக்க முன்வருகிறார். தாம் சிகுர்தின் மகன், ஸ்வெர்ரேயின் சகோதரன் என்று அவர் சத்தியம் செய்யப் போகும் நேரத்தில் ஸ்வெர்ரே குறுக்கிட்டு, அவர் தமக்காக மட்டும் இரும்பை ஏந்தட்டும், வேறு எவருக்காகவும் வேண்டாம் என்கிறார். தம் பிறப்பில் சிறிதும் ஐயம் இல்லாத ஒருவர், தமக்கும் சேர்த்துக் கிடைக்கவிருந்த அந்தச் சான்றை ஏன் தடுக்க வேண்டும்?

மக்கள் நம்பியதற்குப் போர்க்களம் ஒரு காரணம். காலில் பிர்ச் மரப்பட்டையைச் சுற்றிக்கொண்டு திரிந்ததால் பிர்க்கபைனர் என்று அழைக்கப்பட்ட ஏழைப் படையினர், தங்கள் தலைவரை இழந்து நின்ற வேளையில் 1177இல் இவரை ஏற்றார்கள். 1179இல் எர்லிங்கும் 1184இல் மாக்னுஸும் போரில் வீழ்ந்தார்கள். அக்காலத்தில் வெற்றியும் கடவுளின் தீர்ப்பாகவே எண்ணப்பட்டது. திருச்சபை மட்டும் இணங்கவில்லை. ஸ்வெர்ரே சபை நீக்கம் செய்யப்பட்ட நிலையிலேயே 1202இல் இறந்தார்.

அவருடைய பேரன் ஹாக்கோன் தந்தை இறந்த பிறகு பிறந்தவர், பெற்றோருக்குத் திருமணம் ஆகவில்லை. அவருக்காக 1218இல் பெர்கன் நகரில் தாய் இங்காவே காய்ச்சிய இரும்பை ஏந்தினார். 1246இல் போப்பாண்டவர் அந்தப் பிறப்புக் குறையை நீக்கி ஆணையிட, அடுத்த ஆண்டு முடிசூட்டு நடந்தது. 1260இல் ஹாக்கோன் இயற்றிய சட்டம் முறைப்படி பிறந்த மூத்த மகனுக்கே அரியணை என்றது; எந்தக் கொள்கையை எதிர்த்து அவர் பாட்டனார் போரிட்டாரோ, அதையே. 1263 டிசம்பரில் ஓர்க்னி தீவில் நோயுற்றுக் கிடந்த ஹாக்கோன், பழைய அரசர்களின் வரலாறுகளை வரிசையாகத் தமக்கு வாசிக்கச் சொன்னார். கடைசியில் ஸ்வெர்ரே சாகாவை எடுத்தார்கள். நள்ளிரவையொட்டி அது முடிந்தது. அதன் பிறகு சிறிது நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது.