ரஷ்ய இலக்கணப் பயிற்சி: டெல்டாவிலிருந்து வந்த கேள்விகள்

மருத்துவம் படிக்க ரஷ்யா கிளம்பும் நம்மூர்ப் பிள்ளைகளும், சும்மா ஆசைக்குப் படிப்பவர்களும் கேட்டவை.

மன்னார்குடி மாணவி: சார், தண்ணீருக்கு 'வதா' என்றுதான் காதில் விழுகிறது. எழுதும்போது மட்டும் ஏன் 'வோதா'? பயிற்சியில் இதே தப்புதான் வருகிறது.

அழுத்தம் விழாத ஓ அங்கே அ மாதிரி ஒலிக்கும், எழுத்து மாறாது. சந்தேகம் வந்தால், அதே இடத்தில் அழுத்தம் விழுகிற உறவுச் சொல்லைத் தேடும்மா. பன்மையில் 'வோதி'. ஓ பளிச்சென்று கேட்கிறதா? கோடிட்ட இடத்தை நிரப்பும்போது, பக்கத்தில் இந்தச் சாட்சிச் சொல்லையும் எழுது. சில சொல்லுக்குச் சாட்சி கிடைக்காது. நாய்க்கு 'சபாகா', முதல் உயிர் ஓ என்று மனப்பாடம் செய்வதுதான் வழி.

திருவாரூர் வாசகர்: ரொட்டிக்கு 'ஹ்லேப்'. கடைசியில் எந்த ப?

'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. நாம் இடம் பார்த்து ஒலிப்பதால் ஒரே எழுத்து போதும். அவர்களுக்கு இரண்டு எழுத்து. ஆனால் சொல் முடிவில் இரண்டுமே முதல் ப மாதிரி கேட்கும். பின்னால் உயிர் சேர்த்து 'ஹ்லேபா' என்றால் பம்பரத்தின் இரண்டாவது ப வெளியே வரும். அதைத்தான் எழுத வேண்டும். தமிழ் எழுத்தில் உச்சரிப்புக் குறித்துக்கொள்ளும் பழக்கம் இங்கேதான் காலை வாரும். முதல் நாளே விட்டுவிடுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: ஆறு வேற்றுமையா ஐயா? பயமாக இருக்கிறது.

எட்டு வேற்றுமை படித்த நமக்கா? 'எனக்குப் பிடிக்கிறது' என்பதற்கு அங்கும் 'எனக்கு'தான்: 'ம்னே ந்ராவித்சா'. 'நான் மாணவன்' என்பதற்கும் இரண்டே சொல். ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போனால்தான் சிக்கல். பால்தான் கொஞ்சம் படுத்தும்: மேசை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் இரண்டும் இல்லை. பெரும்பாலும் ஈற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கும்பகோணம் ஆசிரியை: ஒரே வினைக்கு ஏன் இரண்டு வடிவம்?

'நேற்று முழுக்க நாற்று நட்டோம்', 'நட்டுவிட்டோம்'. அந்த 'விடு' செய்கிற வேலைதான், கிட்டத்தட்ட. எழுதினேன் 'பிசால்', எழுதிவிட்டேன் 'நபிசால்' (பெண் சொன்னால் கடைசியில் ஆ சேரும்). ஒரு பொறி இருக்கிறது: முடிவு காட்டும் வடிவத்துக்கு நிகழ்காலமே கிடையாது. 'நபிஷூ' பார்க்க நிகழ்காலம் போல இருக்கும், பொருளோ 'எழுதிவிடுவேன்'. ஒற்றை வாக்கியப் பயிற்சியில் இது பிடிபடாது. முன்னும் பின்னும் கதை ஓடுகிற பத்தியாக எடுத்துச் செய்யுங்கள்.

பாபநாசம் மாணவர்: தினமும் எவ்வளவு சார்?

பத்து வாக்கியம். ஒலிப்பதிவைக் கேட்டு, பார்க்காமல் எழுது. தப்பானதை மட்டும் மறுநாள் காலையில் திரும்ப எழுது.